சதுரங்கப்பட்டினம்: நெய்த துணி கப்பலேறிய கடற்கரைக் கிராமம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சாலைகளில் இரவும் பகலும் லாரிகள் ஓடுவதை நம் அங்கத்தினர்கள் அன்றாடம் காண்கின்றனர். இங்கு உற்பத்தியாகும் கார்களும் மின்னணுச் சாமான்களும் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களை அடைந்து அயல்நாடு செல்கின்றன. ஆனால் நமது பிரதேசத்துச் சரக்கு கடல் கடப்பது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினம் என்னும் கடற்கரைக் கிராமத்தை அடையலாம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் கப்பலேறிய முக்கியச் சரக்கு, கையால் நெய்த துணியே. அவ்வூரின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் நெசவாளரும் விவசாயிகளும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இங்கு விளக்குகிறோம்.

சதுரங்கப்பட்டினம் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்துள்ளது. கிழக்கே வங்கக்கடல்; மேற்கே பக்கிங்காம் கால்வாய்; தெற்கே சிறிது தொலைவில் பாலாற்றின் முகத்துவாரம். வாலாஜாபாத்தையும் செங்கற்பட்டையும் கடந்து வரும் அதே பாலாறுதான் இங்கே கடலில் கலக்கிறது. கரையோரம் மணல் மேடுகள் நிறைந்த பூமி; தென்னையும் சவுக்கும் செழித்து வளரும்.

இக்கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் துணிப் பொதிகளை ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டு செல்வர். ஆணி அறைந்த படகு அலையின் மோதலில் உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றுவிடும்.

பதினான்காம் நூற்றாண்டில் இப்பகுதியைச் சம்புவராயர்கள் ஆண்டனர். அம்மரபினனான இராஜநாராயணன் பெயரால் இவ்வூர் இராஜநாராயணன் பட்டினம் என வழங்கியது. பின்னர் ஐரோப்பியர் நாவில் 'சத்ராஸ்' ஆயிற்று.

டச்சுக்காரர் 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவினர். அவர்கள் நாடி வந்தவை கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த கீழைத் தீவுகளின் மக்களோ, விலையாக நம் நாட்டுத் துணியையே விரும்பினர். ஆகவே டச்சுக்காரர் நம் கரைக்கு வந்தனர். 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். அந்நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்திலும் காலூன்றிச் செங்கற் கோட்டை ஒன்றைக் கட்டினர். இவ்வூர் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் தோண்டியெடுத்த சாயவேர், துணிக்கு அழியாத சிவப்பைக் கொடுத்தது. தறியில் இருந்தவன் உழைப்போடு மண்ணைக் கிளறியவன் உழைப்பும் அப்பொதிகளில் கலந்திருந்தது.

அந்த வியாபாரம் நடந்த முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கம்பெனி வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரிகள் நெசவாளருக்குக் கொடுப்பர். நெசவாளர் அதைக் கொண்டு நூல் வாங்குவர், குடும்பத்தையும் காப்பர். நெய்த துணியின் நீளம், அகலம், புஞ்சம் ஆகியவற்றைப் பண்டகசாலையில் சோதிப்பர். தரம் குறைந்ததென்று கண்டால் விலையைக் குறைப்பர்; அல்லது திருப்பியனுப்புவர். விலை முன்னரே பேசி முடிக்கப்பட்டது. பஞ்சத்தினாலோ யுத்தத்தினாலோ நூலும் அரிசியும் விலையேறினால் நஷ்டம் பெரும்பாலும் நெசவாளர் தலையிலேயே விழுந்தது. முன்பணம் வாங்கியவர் வேறொருவருக்குத் துணியை விற்கவும் இயலாது. துணி உலகெங்கும் சென்றது. நெய்தவருக்கோ தம் துணியின் விலையைச் சொல்லும் உரிமை இல்லை.

ஐரோப்பியரின் சண்டைகளும் இச்சிற்றூரைத் தேடி வந்தன. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே கூடிச் சமாதானம் பேசினர், பேச்சு பலிக்கவில்லை. 1781இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17ஆம் தேதி ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் சுப்ரேனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் இக்கடலில் மோதின. 1818இல் ஊர் மீண்டும் டச்சுக்காரர் வசமாயிற்று. 1824இல் லண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மறு ஆண்டு முற்றிலும் ஆங்கிலேயருக்குச் சேர்ந்தது.

வாங்கியவர்கள் போனார்கள், வியாபாரமும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி நம் சந்தைகளில் மலிந்தது. சாயவேரின் சிவப்புக்கு ஈடான அலிசரின் சாயத்தை 1868இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர்கள் செயற்கையாக ஆக்கினர். சாயவேர் தோண்டியவர் பிழைப்பும் குன்றியது. இன்று கோட்டையில் எஞ்சியிருப்பவை பண்டகசாலைகளும், சித்திர வேலைப்பாடமைந்த டச்சுக் கல்லறைகளுமே. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது. 1984 முதல் அருகே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இயங்குகிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அத்தனைக்கும் பின்னர் மீனவர் தம் தொழிலைத் தொடர்ந்து நடத்துகின்றனர்.

இச்சரித்திரம் பழங்கதையன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே வாயிலை நம்பிய குடும்பங்கள் எவ்வளவு கலங்கின என்பதை நம் வட்டாரத்தார் அறிவர். தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை; நம் பிள்ளைகள் பலருக்கு அவை சோறு போடுகின்றன. ஆனால் வாங்குவோன் ஒருவனாகவும் விற்போர் சிதறியும் இருக்கும் இடத்தில் விலையை வாங்குவோனே நிர்ணயிக்கிறான். இதுவே சதுரங்கப்பட்டினம் புகட்டும் பாடம்.

இதற்கு மாற்றாகவே நூலை மொத்தமாக வாங்கவும், துணியை ஒன்றாக விற்கவும் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாநிலச் சங்கம் 1935இல் தோன்றியது. எனினும் சங்கம் இருப்பது மட்டும் போதாது. அரசாங்கத்தின் ஓர் ஆணையையே ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருக்கும் சங்கத்திற்கும், ஒரே வியாபாரிக்கு நெல்லையும் கடலையையும் அளக்கும் விவசாயிக்கும் அன்றைய நெசவாளரின் நிலைமையே நேரக்கூடும். கணக்கைப் பார்க்கவும், விலையைக் கேட்கவும், புதிய சந்தையைத் தேடவும் ஒவ்வோர் அங்கத்தினரும் முன்வர வேண்டும்.

மாமல்லபுரம் செல்லும் அங்கத்தினர்கள் இன்னும் சிறிது தெற்கே சென்று அக்கோட்டையையும் பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். துணியை வாங்கியவரின் பெயர்கள் அங்கே கல்லறைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நெய்தவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டிலேனும் நெய்பவர் பெயரும் விளைப்பவர் பெயரும் உரிமையோடு நிலைத்திருக்கட்டும்.