துப்பாக்கி தூக்கிய விக்கிரமாதித்தன்!

தூத்துக்குடி,

முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளம். அதைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தன். 'அம்புலிமாமா' படித்து வளர்ந்த யாருக்குத்தான் இந்தக் கதை தெரியாது? விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறு! திறந்தாலோ, வேதாளம் மறுபடியும் மரத்துக்கு ஓட்டம்!

குழந்தைகளின் இந்த மாயக்கதை, 2017-ல் ரத்தமும் துப்பாக்கியுமாகத் திரைக்கு வந்தது. படம் 'விக்ரம் வேதா'. டைரக்டர்கள் புஷ்கர் - காயத்ரி தம்பதி.

தாதா வேதாளம்

ராஜா இங்கே 'என்கவுண்டர்' போலீஸ் அதிகாரி (மாதவன்). வேதாளம், வடசென்னை தாதா (விஜய் சேதுபதி). தானாகவே போலீசில் சரண் அடைகிறான். கதை சொல்கிறான். முடிவில் ஒரு கேள்வி. விடை சொல்லச் சொல்ல, தான் செய்வதெல்லாம் நியாயம் என்ற அதிகாரியின் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

ஆயுதமில்லாதவனைச் சுட்டுவிட்டு, போலீசே சாட்சியம் ஜோடிக்கிறது. இது சரியா? அதுதான் படம் எழுப்பும் கேள்வி!

சாத்தான்குளம்

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது வெறும் சினிமா கேள்வி அல்ல. 2020 ஜூனில், சாத்தான்குளம் போலீசார் கைது செய்த செல்போன் கடைக்காரரும் அவர் தந்தையும் காவலில் இறந்தார்கள். வியாபாரிகள் கடையடைத்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை போகும் என்ற பயம் பழைய ராஜாவுக்கு இருந்தது. காக்கிச் சட்டைக்கு?

படத்தில் இருவரும் துப்பாக்கியை நீட்டியபடி நிற்க, 'முடிவு' சொல்லாமலே கதை முடிகிறது. விடை சொல்லும் பொறுப்பு நம்ம தலையில்!