பின்கண்ணாடிப் பிரகடனங்கள்

கடவுள், காதல், ஜாதி - எதையும் வண்டியில் ஒட்டிக்கொள்ள ஒரு துண்டு வினைல் போதும். தூரிகைகள் ஓய்ந்துவிட்டன, சட்டம் விழித்துக்கொண்டிருக்கிறது.

ஷோரூமிலிருந்து வெளியே வரும் மோட்டார் சைக்கிள் முதலில் போகும் இடம் கோயில். அடுத்தது ஸ்டிக்கர் கடை. தில்லியின் கரோல் பாக் ஆனாலும் பெங்களூரின் ஜே.சி. ரோடு ஆனாலும் காட்சி ஒன்றுதான். குறுகலான கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெட்டும் இயந்திரம், சுவரோரம் வண்ண வண்ண வினைல் சுருள்கள். வாடிக்கையாளர் காகிதத் துண்டில் மகளின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ எழுதிக் கொடுக்கிறார். சற்று நேரத்தில், ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வெளிவந்த வண்டிகளில் ஒன்றுக்குத் தனி முகம் கிடைத்துவிடுகிறது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். அதன் முதுகில் பசை. பசைக்கு அடியில் எளிதில் உரிந்து வரும் வழுவழுப்பான தாள். கம்ப்யூட்டர் காட்டும் கோட்டில் ஓடும் கத்தி படலத்தை மட்டும் வெட்டும், அடித்தாளைத் தொடாது. வேண்டாத பகுதியைக் கிள்ளி எடுத்துவிட்டால் எழுத்து மட்டும் மிஞ்சும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, பட்டையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினால் வேலை முடிந்தது. உருளைகளில் அழுத்தித் தயாரிக்கப்படும் மலிவு ரகம் வெயிலில் சுருங்கி ஓரம் தூக்கும். திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் உயர்ந்த ரகம் வளைவோடு வளைந்து நிற்கும். பெட்ரோல் டாங்க்கில் சீக்கிரமே உரிந்துவிடும் புலிக்கும் வருடக்கணக்கில் உறுமும் புலிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடைக்கே போகாமல், சுருள் வாங்கி வந்து வீட்டு வாசலில் பிளேடால் வெட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு.

மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘ரேடியம் ஸ்டிக்கர்’. உண்மையில் இதில் ரேடியம் துளியும் கிடையாது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடிகார முட்களை இருட்டில் ஒளிரவைக்க ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்த பெண்கள் பலர் நோயுற்று இறந்தனர். இன்றைய ஸ்டிக்கரில் மின்னுவது நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டகங்கள். வந்த வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. ஆபத்தான சரக்கு போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வினைல் வருவதற்கு முன் இந்த இடம் ஓவியர்களுடையது. பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் லாரிகளின் உடம்பெல்லாம் எனாமல் பெயின்ட்டில் தாமரை, மயில், கழுகு பூத்தன. கண்ணேறு படாமலிருக்கப் பின்புறத்தில் ஒரு வசவு, அதன் பக்கத்தில் ‘ஹார்ன் ஓகே ப்ளீஸ்’. தேவையில்லாமல் ஹார்ன் அடிக்கத் தூண்டுகிறது என்று கூறி 2015-ல் மகாராஷ்டிர அரசு இந்த வாசகத்தைத் தடை செய்தது. ஆனால் ஓவியர்களின் பிழைப்பில் கைவைத்தது அரசல்ல, இயந்திரம். கைவேலைக்கு நாள்கணக்கில் வண்டியை நிறுத்த வேண்டும். நிற்கும் லாரி சம்பாதிக்காது. அதே பூவை இயந்திரம் நிமிடங்களில் வெட்டித் தருகிறது. கோணல் இல்லை, சிந்தல் இல்லை. ஆனால் அடுத்த லாரியிலும் அச்சுப் பிசகாமல் அதே பூதான். தனி முகம் தேடி வந்தவர் கடைசியில் பொது முகத்தை வாங்கிக்கொண்டு போகிறார்.

இதற்குப் பெரிய சாட்சி அனுமன். 2015-ல் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த கரண் ஆச்சார்யா என்ற கிராஃபிக் ஓவியர், ஊர் இளைஞர்களின் கொடிக்காக ஒரு முகம் வரைந்தார். காவியும் கறுப்பும் மட்டுமே கொண்ட, புருவம் நெரித்த அனுமன். வெட்டும் கத்திக்கு இதைவிடத் தோதான படம் அமைவது அரிது. பெங்களூர் கார்களின் பின்கண்ணாடியில் தொற்றிய அந்த முகம் நாடு முழுக்கப் பரவியது. அதில் சிலர் பக்தியைப் பார்த்தார்கள். சிலர் மிரட்டலைப் பார்த்தார்கள். அது கோபமல்ல, மிடுக்கு என்று விளக்கம் சொன்னார் ஓவியர். 2018 மே மாதம் கர்நாடகத் தேர்தல் பிரசாரத்துக்காக மங்களூர் வந்த பிரதமர் நரேந்திர மோடி மேடையிலேயே அவரைப் பாராட்டினார். ஊர்க் கொடிக்காக வரைந்த படம் அரசியலுக்கு வந்து சேர மூன்று வருடங்கள்கூட ஆகவில்லை.

கடவுளைவிடச் சிக்கலானது ஜாதி. வட மாநிலங்களில் ‘ஜாட்’, ‘குஜ்ஜர்’, ‘யாதவ்’, ‘ராஜ்புத்’, ‘பிராமண்’ என்று பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் அறிவித்துக்கொண்டு ஓடும் கார்கள் சாதாரணம். இது வெறும் அலங்காரமல்ல. வழிவிடு, மோதாதே, நான் தனியாள் இல்லை என்று பின்னால் வருபவருக்கு விடும் எச்சரிக்கை. சொல்லிக்கொள்ள அப்படியொரு ஜாதி இல்லாதவருக்கு அந்தக் கண்ணாடி என்ன சொல்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. 2020 இறுதியில் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துத் துறை இத்தகைய வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, வாகனங்களிலிருந்து ஜாதிப் பெயர்களை அகற்றும்படி அந்த மாநில அரசு மீண்டும் ஆணையிட்டது. ஐந்து வருடங்களில் அதே உத்தரவை மறுபடி போட வேண்டியிருந்தது என்பதே பசையின் பலத்தைக் காட்டுகிறது.

அதிகாரத்தைக் காட்டும் ஸ்டிக்கர்களும் இதே ரகம்தான். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீசார் தனியார் வண்டிகளில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’ போன்றவற்றை ஒட்டினால் அபராதம் என்று அறிவித்தார்கள். முதல் தடவை 500 ரூபாய். நம்பர் பிளேட்டில் எண்ணைத் தவிர வேறெதுவும் கூடாது என்பது நாடு முழுவதற்கும் பொதுவான விதி. வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். எனவே முழு வண்டியையும் வேறு நிற வினைலால் போர்த்த ஆசைப்படுகிறவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு கடைகளில் கூட்டம் குறையவில்லை. காரணம் எளிது. தவணையில் வாங்கிய ஆட்டோ கடன் முடியும்வரை பாதி நிதி நிறுவனத்துக்குத்தான் சொந்தம். அதன் கண்ணாடியில் குழந்தையின் பெயர் ஏறும்போதுதான் ‘இது என்னுடையது’ என்ற நிறைவு ஓட்டுநருக்குக் கிடைக்கிறது. பறிக்கப்பட வேண்டியது அந்த நிறைவு அல்ல, அடுத்தவரை மிரட்டும் உரிமை. இரண்டும் ஒரே சுருளிலிருந்துதான் வெட்டப்படுகின்றன என்பதுதான் சட்டத்தின் சங்கடம்.

தூரிகைக்காரர்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. 2024-ல் காலமான தில்லி கலைஞர் ஹனீஃப் குரேஷி, தெருவோர ஓவியர்களின் கையெழுத்து பாணிகளைத் தேடிச் சேகரித்துக் கம்ப்யூட்டர் எழுத்துருக்களாக மாற்றினார். ‘பெயின்டர் கஃபீல்’ என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஓவியரின் பெயரையே வைத்தார். ஓவியரின் கையிலிருந்த எழுத்து இனி அவரை வேலையிழக்கச் செய்த அதே இயந்திரத்தின் கத்தியிலும் ஓடலாம். காலமெல்லாம் அடுத்தவர் பெயரை எழுதியவர்களுக்குக் கடைசியில் தங்கள் பெயரும் எழுத ஓர் இடம் கிடைத்திருக்கிறது.