ஆங்கிலக் கூட்டுவினைகள்

ஒரு விடியற்காலை மாமல்லபுரக் கடற்கரையிலமர்ந்து, 1881-ஆம் ஆண்டு வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் லூக்கா 5-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். சீமோனின் படகைப் பற்றிய இடத்தில் 'புட் அவுட்' என வந்தது. பள்ளியில் அதற்கு 'அணைத்தல்' என்றே கற்றிருந்தோமாதலின், படகில் தீயேதென மயங்கினோம். அவ்வேளை எதிரே ஒரு படகு கரைநீங்கியது, பொருளும் விளங்கிற்று.

வினையோடு 'அவுட்', 'அப்', 'ஆஃப்' முதலிய சிறுசொற்கள் கூடிப் புதுப்பொருள் தருவனவே இவை. அயலார் இவற்றால் பெரிதும் இடர்ப்படுவரென்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதி முன்னுரையிற் குறித்துள்ளார். 'புட்' வைத்தல், 'அவுட்' வெளியே எனக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை. எப்பெயரோடு வருகின்றதென நோக்கல் வேண்டும். தீயோடு வரின் அணைத்தல். கையோடு வரின் நீட்டல். அறிக்கையோடு வரின் வெளியிடல்.

சொற்கிடக்கையும் அறியத்தக்கது. 'இட்' என்பது 'புட் இட் அவுட்' என நடுவிலேயே நிற்கும். 'லுக் ஆஃப்டர் இட்' என்பதிலோ இறுதியிலேயே வரும். எம் கட்டுரைகளிற் சிவப்பு மை மிகுதியும் விழுவது ஈண்டேயாம்.

இஃது ஆங்கிலத்தின் கோணலென்பார் கூற்றை யாம் ஒப்போம். 'ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்' எனின், தமிழ் பயிலும் அயலார் எதனை வாங்கினான், எங்கே கட்டினானென வினவாரோ? 'கைவிட்டான்' என்பதிற் கையை எங்ஙனம் விளக்குவது?

ஆதலின் இப்பொழுது தனிச்சொல்லாகக் குறித்துக்கொள்வதில்லை. செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்தில் நண்பரை வழியனுப்பிய அன்று 'ஸீ ஆஃப்' என்பதையும், மழையாற் பந்தாட்டம் தள்ளிவைக்கப்பட்ட அன்று 'புட் ஆஃப்' என்பதையும், அந்நிகழ்ச்சியோடு முழு வாக்கியமாகவே எழுதிவைத்தோம்.