ஏ.சி.யிலும் பூசணம் பூக்கும்!



ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஊறுகாய் ஜாடியையும் அப்பள டப்பாவையும் தினம் திறந்து பார்க்கும் நாம், சுவரில் மாட்டிய ஏ.சி.யை மட்டும் திறந்து பார்ப்பதே இல்லை. கல்வராயன் மலையில் மேகம் இறங்கினால், கீழே கச்சிராயபாளையம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி வீடுகளில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அதே ஈரம்தான் ஏ.சி.க்குள்ளும் தங்கிப் பூசணமாகிறது.

என் நாத்தனார் வீட்டில் ஏ.சி. போட்டாலே ஈரச்சாக்கு வாடை அடிக்கும். மெக்கானிக் வந்து கழுவிக் கொடுப்பார். ஒரே மாதத்தில் மறுபடி அதே வாடை. ஐந்து வயதுப் பிள்ளை ராத்திரியெல்லாம் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் வேறொருவர் வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீர் வெளியேறும் பைப் சரிவாக இல்லாமல் நடுவில் மேடாக இருந்ததால், டிரேயிலேயே தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது!

சில்லென்ற தண்ணீர் உள்ள சொம்பு வெளியே வியர்க்கிறதல்லவா? ஏ.சி.க்குள் இருக்கும் காயிலும் அப்படித்தான் வியர்க்கும். 1902-ல் அமெரிக்காவில் கேரியர் என்பவர் இதை வடிவமைத்ததே, ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். அந்த ஈரத்தோடு தூசியும் இருட்டும் சேர்ந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். கழுவினால் மட்டும் போதாது. காய வைக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்.

நாம் செய்ய வேண்டியவை:

* ஏ.சி.யை நிறுத்துவதற்கு முன் 20, 30 நிமிடம் 'ஃபேன்' மட்டும் ஓடட்டும். உள்ளே காய்ந்துவிடும்.

* 15 நாளுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, பில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டவே கூடாது.

* ஏ.சி. ஓடும்போது பைப்பில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். மழை நாளில்கூடச் சொட்டாவிட்டால் அடைப்பாக இருக்கலாம்.

* மழைக்காலத்தில் ரிமோட்டில் 'டிரை' இருந்தால் அதைப் போடுங்கள்.

* சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. வேண்டாம். சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும். ஈரம் மட்டும் அறையிலேயே இருக்கும்.

* ஏ.சி. அறையில் ஈரத்துணி உலர்த்தாதீர்கள். காற்றின் ஈரம் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதை அளக்கும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

வாடையை மறைக்க ஊதுவத்தி, சென்ட் எல்லாம் வேண்டாம். பூசணம் அப்படியே இருக்கும். இளைப்புக்காரர்களுக்குப் புகையும் சேர்ந்து தொல்லை. பிளீச்சிங் கரைசலைக் காயிலில் ஊற்றினால் அலுமினியம் அரித்துப் போகும். காயிலுக்குள்ளேயே கருப்பாகப் படிந்திருந்தால், நாமே சுரண்டாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டு, டிரேயையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்புத் தொல்லை கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. பைப்பைச் சரி செய்த பிறகு நாத்தனார் வீட்டில் அந்த வாடை திரும்பவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தவில்லை; ஆனால் பிள்ளை ராத்திரியில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

'சர்வீஸ் பண்ணியாச்சே' என்று இருந்துவிடாமல், இன்றைக்கே ஒருமுறை அந்தப் பைப்பை எட்டிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.