மெக்கானிக்கை வேலைக்கு எடுக்க நேர்காணல் மட்டும் போதுமா? பட்டறை உரிமையாளரும் இளைஞரும் அறிய வேண்டியவை

சித்தூர்: ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டம் காணிப்பாக்கத்தில் உள்ள வரசித்தி விநாயகர் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர் என்பது நெடுங்கால நம்பிக்கை. கொடுக்கல் வாங்கல் தகராறு முதல் களவுக் குற்றச்சாட்டு வரை, சாட்சி இல்லாத வழக்குகள் இங்கு செய்யப்படும் சத்தியத்தோடு முடிந்துபோவது உண்டு. ஆந்திர அரசியல்வாதிகள்கூட, "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று ஒருவருக்கொருவர் சவால் விடுவது வழக்கம்.

ஆனால், வாகனப் பழுதுநீக்கும் பட்டறை ஒன்றில் வேலை கேட்டு வந்து நிற்கும் இளைஞர், "எனக்கு எல்லா வேலையும் தெரியும்" என்று கூறும்போது, அந்தச் சொல்லை எந்தச் சந்நிதியில் சோதிப்பது? சித்தூர், திருப்பதி, வேலூர், ராணிப்பேட்டை என இந்த வட்டாரத்துப் பட்டறை உரிமையாளர்கள் மட்டுமின்றி, மெக்கானிக்கை நம்பி வண்டியை ஒப்படைக்கும் அனைவரையும் தொடும் கேள்வி இது.

காணிப்பாக்கம் கோயிலை ஒட்டி ஓடும் பாகுதா ஆற்றுக்கு ஒரு புராணக் கதை உண்டு. தமையன் சங்கரின் தோட்டத்தில் அனுமதியின்றிக் கனி பறித்து உண்ட குற்றத்திற்காக, மன்னனால் இரு கைகளையும் இழந்த லிகிதர், இந்த ஆற்றில் மூழ்கி எழுந்தபோது கைகளைத் திரும்பப் பெற்றார் என்பது அக்கதை. 'பாகு' என்றால் கை. 'பாகுதா' என்றால் கை அளித்தது. மெக்கானிக் தேர்விலும் கடைசியில் பேச வேண்டியது கைதான்.

முன்பு நேர்காணலே கிடையாது: இன்று 50 வயதைக் கடந்த மெக்கானிக்குகளில் பலர் எந்த நேர்காணலையும் சந்தித்தவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பை விட்டு, உறவினர் ஒருவரின் கைப்பிடியில் பட்டறைக்குள் நுழைந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, டீசலில் உதிரிபாகம் கழுவி, சில ஆண்டுகள் கழித்து எஞ்சினைத் தொடும் உரிமை பெற்றவர்கள். அவர்களின் திறமையை உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்தே பார்த்துவிட்டார். தேர்வு வைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அந்த வழி அடைபட்டது நல்லதே. 14 வயது நிறைவடையாத குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதை, 2016-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. குழந்தைப் பருவம் கிரீஸில் கழிவது நின்றால் எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால், பழைய முறையில் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்ட மதிப்பீட்டை, இன்றைய உரிமையாளர் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்க வேண்டியுள்ளது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?: தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது ஐடிஐ-களில், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. டீசல் மெக்கானிக் பிரிவு ஓராண்டு. இரண்டுக்கும் அடிப்படைத் தகுதி 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி. தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவருக்கு அளவுக் கருவிகள், எஞ்சினின் அடிப்படை, பாதுகாப்பு விதிகள் ஆகியவை கற்பிக்கப்பட்டுள்ளன என்று உறுதியாகக் கொள்ளலாம். ஆனால், ஒரு நாளில் பல வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அவர் எப்படி வேலை செய்வார் என்பதைச் சான்றிதழ் சொல்லாது. பயிற்சி நிலையத்தில் ஒரே எஞ்சினைப் பலமுறை கழற்றி மாட்டியவரும், பல நிறுவனங்களின் எஞ்சின்களைக் கண்டவரும் ஒரே தாளைத்தான் கொண்டு வருகின்றனர்.

இந்த இடைவெளியை நிரப்பவே தொழில் பழகுநர் பயிற்சி உள்ளது. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை என்பது அளவு. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், ஐடிஐ முடித்தவருக்கு மாதம் குறைந்தது ரூ.7,000 உதவித்தொகை என நிர்ணயித்தன. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகமும் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இவ்வாறு பழகுநர்களை எடுத்து வருகின்றன.

பழகுநர் பயிற்சி முடித்தால் வேலை உறுதியா என்று பலர் கேட்பதுண்டு. இல்லை. ஆனாலும், இதில் உச்ச நீதிமன்றம் 1995-இல் வழங்கிய தீர்ப்பு ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. உத்தரப் பிரதேச மாநில சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி பெற்ற பழகுநர்கள் தொடர்பான அந்த வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக விண்ணப்பிப்போரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இதற்காக அவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரையுடன் வர வேண்டியதில்லை என்றும், வயது வரம்பில் பயிற்சிக் காலத்தைக் கருத்தில் கொண்டு தளர்வு தரலாம் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

சான்றிதழ் இல்லாதவரை உடனே ஒதுக்கிவிடவும் கூடாது. கோவை ஜி.டி.நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பொருத்தியே இயந்திர நுட்பம் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சி - பழனி இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது அவரிடம் எந்தப் பொறியியல் பட்டமும் இல்லை. எல்லோரும் ஜி.டி.நாயுடு ஆகிவிட முடியாது என்பது வேறு. அனுபவத்தால் கற்றோரின் திறனை மதிப்பிட்டுச் சான்று வழங்க, 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் தனிப்பிரிவே உள்ளது.

என்ன கேட்க வேண்டும்?: "நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி இயங்குகிறது?" என்ற வகைக் கேள்விகளால் பெரிய பயன் இல்லை. மனப்பாடம் செய்தவரும் சரியாகச் சொல்வார். நன்றாக வேலை தெரிந்து, பேசத் தயங்குபவர் தடுமாறுவார்.

அதற்கு மாறாக, ஒரு பழுதைக் கதையாகச் சொல்லிப் பார்க்கலாம். "லாரி மேட்டில் இழுக்கவில்லை என்கிறார் ஓட்டுநர். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "டீசல் பம்பைக் கழற்ற வேண்டும்" என்று உடனே விடை சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. தேர்ந்தவர் திரும்பக் கேள்வி கேட்பார். எப்போதிருந்து இழுக்கவில்லை? காலி வண்டியிலுமா, பாரத்தோடு மட்டுமா? புகை என்ன நிறம்? கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது? கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ சந்தேகிப்பார். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை நிற்காமல் வந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறதா, கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்ப்பார். சோதனையை ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ குழாய் எனச் செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்கி, பம்பையும் இன்ஜெக்டரையும் கடைசியில் தொடுவார். வாடிக்கையாளரின் பணத்தைத் தன் பணம் போல எண்ணுகிறாரா என்பதும் இதிலேயே வெளிப்படும்.

இன்னொரு கேள்வி: "நீங்கள் செய்த வேலை கெட்டுப்போய் வண்டி திரும்பி வந்தது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" அப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை என்பவர் அதிகம் வேலை செய்யாதவராக இருக்கலாம், அல்லது மறைப்பவராக இருக்கலாம். பழைய பட்டறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பல கேள்விகளை மிச்சப்படுத்தும். ஆனால், தற்போது பணியில் இருக்கும் பட்டறைக்கு அவரது அனுமதியின்றிப் பேசுவது, அவர் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

கையைப் பார்க்கும் தேர்வு: டிரேடு டெஸ்ட் எனப்படும் செய்முறைத் தேர்வுதான் இதில் முதன்மையானது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஓடும் நிலையில் உள்ள ஒரு வண்டியில், எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு வரும் எர்த் கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, "ஸ்டார்ட் ஆகவில்லை, பாருங்கள்" என்று சொன்னால் போதும். முழு சார்ஜில் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். அவசரக்காரர், பேட்டரி போய்விட்டது என்றோ ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்றோ கூறுவார். தெரிந்தவர் முதலில் இணைப்புகளைக் கையால் அசைத்துப் பார்ப்பார். பிறகு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைப்பார். அங்கு வோல்ட் ஏறினால் எர்த் சரியில்லை என்பது உறுதி. பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, அவர் அளந்து முடிவெடுப்பவரா, ஊகித்துப் பாகம் மாற்றுபவரா என்பதைக் காட்டிவிடும்.

பழுதைக் கண்டுபிடித்தாரா என்பதோடு, எப்படி வேலை செய்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றினாரா? நெகட்டிவ் முனையை முதலில் எடுத்தாரா? வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழைந்தாரா, அல்லது ஸ்டாண்டு வைத்து, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்தாரா? சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கினாரா? சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் அல்லாமல் படிப்படியாக இறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமா? இறுதியில் கருவிகளை எண்ணி வைத்தாரா?

இவை அனைத்திலும் முக்கியமானது பிரேக் வேலை. டிஸ்க் பிரேக்கில் புதிய பேட் மாட்டும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்படுகிறது. வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைச் சில முறை மிதித்து, அழுத்தம் திரும்பியதை உறுதி செய்ய வேண்டும். அதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. இந்தச் சிறு பழக்கம் ஒருவரிடம் இல்லையென்றால், மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அவரைத் தனியே வேலை செய்ய விடக்கூடாது என்பதே நமது கருத்து.

இந்த வட்டாரத்தில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. காணிப்பாக்கத்தில் தரிசனம் முடிக்கும் வாகனங்களில் பல, அடுத்துத் திருமலைக்கு ஏறுகின்றன. 1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதை இப்போது இறங்குவதற்குப் பயன்படுகிறது. வளைவுகள் நிறைந்த அந்த நீண்ட இறக்கத்தில் பிரேக் தொடர்ந்து சூடேறுகிறது. சமதளத்தில் தெரியாத குறை அங்கே வெளிப்படும்.

மாறிவரும் தொழில்: 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய பைக்குகளிலும் கார்பரேட்டர் மறைந்து, மின்னணு எரிபொருள் அமைப்பு இடம்பிடித்துவிட்டது. காதால் கேட்டே பழுது சொன்ன மூத்த மெக்கானிக், ஸ்கேனர் காட்டும் குறியீட்டின் முன் தயங்குகிறார். இளைஞரோ, ஸ்கேனர் காட்டும் சென்சாரை அப்படியே மாற்றிவிடுகிறார். அதற்குச் செல்லும் வயரைச் சோதிப்பதில்லை. நேர்காணலில் இருவருக்கும் வெவ்வேறு கேள்வி தேவை.

2022 செப்டம்பரில் திருப்பதி - திருமலை இடையே மின்சாரப் பேருந்துகள் அறிமுகமாயின. நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும் இவ்வண்டிகளில், மின் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதை அளந்து உறுதி செய்யாமல் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. மின்வாகனப் பணிக்கு ஆள் எடுப்போர், "எனக்குப் பழக்கமில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று ஒப்புக்கொள்பவரை, தயங்காமல் கை வைப்பவரைவிட மேலாகக் கருத வேண்டும்.

விண்ணப்பிப்பவர் கேட்க வேண்டியவை: தேர்வு இரு தரப்புக்கும் பொதுவானது. சோதனை என்ற பெயரில் இரண்டு, மூன்று நாட்கள் ஊதியமின்றி வேலை வாங்குவது முறையல்ல. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கூலி கேட்பதில் தவறில்லை. அசல் சான்றிதழ்களைப் பட்டறையில் ஒப்படைக்கக் கூடாது, நகல் போதும். ஊதியம் மாதக் கணக்கா, வேலைக் கணக்கா? வண்டி திரும்பி வந்தால் உதிரிபாகச் செலவு யார் தலையில் விழும்? கருவிகள் யாருடையவை? இவற்றைச் சேரும் முன்பே எழுத்தில் பெறுவது நல்லது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில், மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோருக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு உண்டு. கை நசுங்கும் அபாயம் உள்ள தொழிலில் இது கேட்டுப் பெற வேண்டிய உரிமை.

வளைகுடா நாடுகளுக்கு மெக்கானிக்காகச் செல்வோருக்கும் செய்முறைத் தேர்வு உண்டு. அங்கு முகவருக்கான கட்டணத்திற்கு உச்சவரம்பு ரூ.30,000 மற்றும் ஜிஎஸ்டி. அதற்கு மேல் கேட்பவரிடமும், மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இல்லாதவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டாம்.