குட்டி வண்டி, கோபக்கார நீராவி!

1829-ல் லண்டனில் ஜான் பிரெய்த்வெய்ட்டும் ஜான் எரிக்ஸனும் முதல் நீராவித் தீயணைப்பு வண்டியை அமைத்தார்கள். இழுப்பது குதிரை, நீரை இறைப்பது நீராவி.

இத்தகைய பழைய வண்டிகளைச் சிறிய அளவில், இயங்கும்படியே செய்து பார்ப்போர் இங்கிலாந்தில் உண்டு. பொம்மைதானே என்று நினைத்துவிடாதீர்கள்! நீளம் எட்டில் ஒன்றானால் கொள்ளளவு 512-ல் ஒன்றுதான். ஆனால் நீராவியின் உக்கிரம் அப்படிக் குறைவதில்லையே!

செம்புக் கொதிகலனை வெறும் ஈயப் பற்றாசால் ஒட்டினால், சூடு ஏறும்போது இளகிவிடும். வெள்ளி கலந்த பற்றாசே தாங்கும். பிறகு கலன் நிறையக் குளிர்ந்த நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு கொடுத்துச் சோதிப்பார்கள். நீராவியானால் வெடித்துச் சிதறும். தண்ணீரோ கசிந்து குறையைக் காட்டிவிடும்.

அதில் தேறிய பின்பே அடுப்பில் நெருப்பு. தீயை அணைக்க வந்த வண்டி செய்தவரையே சுடலாமா?