பிரம்மஞானச் சிந்தனையில் பருவுலகின் இயல்பு: ‘அணு’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

பிரம்மஞான சபை 1875ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தோற்றுவிக்கப்பெற்றது. 1882 முதல் அதன் தலைமையகம் சென்னை அடையாற்றில் இயங்கிவருகிறது. இச்சபையினர் தம் உலகக் கொள்கையை விளக்க மாயை, பிராணன், அணு முதலிய இந்தியத் தத்துவச் சொற்களைக் கையாண்டனர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறுபடுதல் உண்டு. அவ்வேறுபாட்டை ‘அணு’ என்னும் சொல்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பருவுலகும் மாயையும்

பிளவாட்ஸ்கி 1888இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் டாக்ட்ரின்’ என்னும் நூல், சித்தையும் சடத்தையும் ஒரே மூலத்தின் இரு கூறுகளாகக் கொள்கிறது. அம்மூலத்தினின்று ஏழு தளங்கள் விரிகின்றன. அவற்றுள் மிகத் திணிந்தது பருவுலகு. நிலையாமை பற்றியே உலகம் மாயை எனப்படுகிறது. அதனுள் வாழும் உயிர்களுக்கு அது மெய்யே. எனவே இக்கொள்கை சடமே யாவும் என்பதும் அன்று. உலகு வெறுந்தோற்றம் என்பதும் அன்று.

அணு என்னும் எல்லை

அன்னி பெசன்ட், லெட்பீட்டர் ஆகியோர் 1908இல் வெளியிட்ட ‘அக்கல்ட் கெமிஸ்ட்ரி’, பருவுலகையும் ஏழு நிலைகளாகப் பகுக்கிறது. திண்மம், நீர்மம், வளிமம் என்பவற்றின்மேல் நான்கு ஈதர் நிலைகள் உள்ளன. அவற்றுள் உச்சியிலுள்ளது தனித்த அணுக்களால் ஆயது. அவ்வணு சிதையின் அடுத்த நுண்தளத்துப் பொருளாகும். ஆகவே அணு பருவுலகின் முடிவேயன்றிப் பொருளின் முடிவன்று.

ஹைட்ரஜன் 18 அணுக்களால் ஆயது என்பது அவர்கள் 1895இல் ஞானதிருஷ்டியால் கண்டதாகக் கூறிய முடிவு. இயற்பியலோ சாதாரண ஹைட்ரஜனில் ஒரு புரோட்டானையும் ஓர் எலக்ட்ரானையுமே காண்கிறது. அக்கால அறிவியலார் ஏற்றிருந்த ஈதரும், 1905இல் சார்பியல் கொள்கை வெளிவந்தபின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. எனவே பிரம்மஞானத்தின் அணு அறிவியலின் அணுவன்று.

தமிழ் மரபில் அணு

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் உயிரோடு நால்வகை அணுக்களைப் பொருள்களாகக் கூறுகின்றனர். நிலம், நீர், தீ, காற்று என்பன அந்நால்வகை. அவை ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. பிரம்மஞான அணுவோ சிதைந்து நுண்தளம் புகுவது. சைவ சித்தாந்தத்தில் அணு என்பது சடத்தையே குறிப்பதில்லை. ஆணவ மலத்தால் சிறுமையெய்திய உயிரைக் குறிக்கிறது. அங்கு உலகிற்கு முதற்காரணம் மாயை. அது என்றும் உள்ள பொருள். பிளவாட்ஸ்கியின் மாயையோ நிலையாமையின் பெயர்.

முடிவுரை

ஆசீவகரின் அணு மாறாத சடம். சித்தாந்தியின் அணு கட்டுண்ட உயிர். பிரம்மஞானியின் அணு பருவுலகிற்கும் நுண்ணுலகிற்கும் இடைப்பட்ட வாயில். சொல்லொற்றுமை கண்டு இவற்றை ஒன்றெனக் கொள்வதும், அவ்வழி பழந்தமிழ் நூல்களில் இன்றைய இயற்பியலைக் காண்பதும் பொருந்தா. அந்தந்த நூலின் பொருளமைப்பிற்குள் வைத்தே கலைச்சொல்லுக்குப் பொருள்காணல் வேண்டும். அதுவே நூலுக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே செய்யும் நேர்மையாகும்.